நூறு நாள் வேலையால்தான் ஆள் கிடைக்கலையா?



நம்ம கூட்டம் எங்கே நடந்தாலும் விதை பேசி, மூடாக்கு பேசி, பூச்சிவிரட்டி பேசி முடிச்சதும் கடைசியில் ஒரு பேச்சு கட்டாயம் வந்துடும். "ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது. மாசம் ஆயிரம் ரூபா கணக்குல ஏறுது. ஏரி வேலைக்குப் போனா உட்கார்ந்து எழுந்து வந்தாலே கூலி. அப்புறம் யாரு வந்து நம்ம கழனியில குனிவா? அரசாங்கமே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிடுச்சு." எங்க செய்யாறு பக்கம் நூறு நாள் வேலைக்கு ஏரி வேலைன்னுதான் பேர்.

இப்படிச் சொல்றவங்க கெட்ட மனசுக்காரங்க இல்லை. ஆள் கிடைக்காம நொந்து போனவங்க. நானும் மூணரை ஏக்கரில் மல்லாட்டையும் தூயமல்லியும் வச்சிருக்கிறவன்தான். அதுக்கு முன்னாடி 37 வருஷம் வங்கியில் இருந்தேன். அரசாங்க உதவி எப்படிக் கிளம்பி, யார் கையில் போய்ச் சேருதுன்னு பார்த்துக்கிட்டே இருந்த உத்தியோகம் அது. அந்த அனுபவத்தையும் கையில் இருக்கிற கணக்கையும் வச்சு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

நமக்கு வலி எங்கே?

ரசாயனம் போடுறவருக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் களை. அவர் களைக்கொல்லி அடிச்சுட்டுப் போயிடுவார். நமக்குக் கைக்களைதான். மல்லாட்டைக்கு இருபதாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாள் மண் அணைச்சு இன்னொரு களை. எங்க பக்கம் ஒரு ஏக்கருக்கு ஒரு தடவைக்குப் பதினைந்து பெண்கள் வேணும். ஆளுக்கு 300 ரூபாய். இரண்டு களைக்கு 9,000 ரூபாய். களைக்கொல்லிக்கு ஆகிற செலவு இதில் கால் பங்குகூட வராது.

பணம் இருந்தாலும் ஆள் வேணுமே? மழை பெய்ஞ்சு பத்து நாளில் களை பயிரை மூடிடும். அந்தப் பத்து நாளில் ஆள் வரலைன்னா விளைச்சல் பாதி போச்சு. இயற்கைக்கு மாறின எத்தனையோ பேர் மூணாவது வருஷம் மறுபடி மருந்துக்கடைக்குப் போனதுக்குக் காரணம் பூச்சி இல்லை, களைதான். அதனால் ஆள் பற்றாக்குறை நமக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனா வலி உண்மைங்கிறதாலேயே நாம சொல்ற காரணமும் சரியா இருக்கணும்னு இல்லை.

முதல் கணக்கு: நாட்கள்

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 பிப்ரவரி 2ஆம் தேதி 200 மாவட்டங்களில் தொடங்கியது. எங்க திருவண்ணாமலை மாவட்டம் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது. 2008 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வந்தது. நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதுவும் உச்சவரம்பு. நடைமுறையில் நாடு முழுக்க ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக வருஷத்துக்கு 50 நாள் அளவில்தான் வேலை கிடைச்சிருக்கு.

ஒரு குடும்பத்தில் வேலைக்குப் போற ஆள் இரண்டு பேர்னு வைங்க. ஆளுக்கு 300 நாள்னா வருஷத்துக்கு 600 வேலை நாள். அதில் 50 நாள் ஏரி வேலைக்குப் போச்சு. பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதி 550 நாள் என்ன ஆச்சு? அந்த 550 நாளுக்குப் பதில் சொல்லாம, 50 நாள் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது.

இதில் ஒண்ணை ஒத்துக்கணும். அந்த 50 நாள் எப்போ வருதுங்கிறது முக்கியம். நம்ம களை எடுப்பு நாளும் அந்த நாளும் ஒரே வாரத்தில் மோதினா வலி உண்டு. அது காலத்தைப் பத்தின பிரச்சினை. சோம்பேறித்தனத்தைப் பத்தினது இல்லை. இதுக்குப் பின்னால் வருவோம்.

இரண்டாவது கணக்கு: உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் இது நடக்குது. கடை விலை கிலோ 50 ரூபாய்னு தாராளமா வச்சாலும் மாசம் 1,000 ரூபாய். 2023 செப்டம்பரில் தொடங்கின மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய். ஏரி வேலை 50 நாளுக்கு, நாளுக்கு 300 ரூபாய் கைக்கு வந்ததுன்னு வச்சா வருஷத்துக்கு 15,000, மாசத்துக்கு 1,250. மொத்தம் 3,250 ரூபாய்.

இதை முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் பிரிச்சா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும் வரும். பருப்பு, எண்ணெய், கேஸ், பஸ், பிள்ளைங்க நோட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு எல்லாம் இதுக்கு வெளியே. இந்த 27 ரூபாயை நம்பி ஒரு குடும்பம் வேலைக்குப் போகாம உட்கார்ந்திருக்கும்னு சொன்னா, அந்தக் கணக்கை எந்த வங்கி மேலாளரும் ஏத்துக்க மாட்டார்.

குடியால் கெட்ட ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க, மறுக்கலை. ஆனா அதுக்கு டாஸ்மாக்கைக் கேட்கணும். ரேஷன் அரிசியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை செய்றவங்கள்ல நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பெண்கள்.

அப்போ ஆள் எங்கே போச்சு?

எங்க ஊரில் காலையில் ஆறரை மணிக்கு நின்னு பார்த்தா விடை தெரியும். சிப்காட் செருப்புத் தொழிற்சாலைக்கு வேன் வரிசையா வருது. இருபது வயசுப் பெண்கள் ஏறிப் போறாங்க. மாசச் சம்பளம், பி.எப்., நிழல். ஆண்கள் கட்டட வேலைக்கு; கொத்தனார் கூலியும் நம்ம கூலியும் ஏணி வச்சாலும் எட்டாது. அவங்க பிள்ளைங்க காலேஜில். ஊரில் மிச்சம் இருக்கிறது ஐம்பது வயசு தாண்டின அம்மாக்கள்தான். நம்ம களைக்கு வர்றதும் அவங்கதான், ஏரி வேலைக்குப் போறதும் அவங்கதான். முட்டி வலியோட காலை முதல் குனிஞ்சே இருக்கிற வேலையா, மண்வெட்டி பிடிச்சு நடுநடுவே நிமிர்ந்து நிக்கிற வேலையான்னு அவங்க பார்க்கிறாங்க. நம்ம அம்மாவா இருந்தா எதுக்குப் போகச் சொல்வோம்?

இன்னொண்ணும் இருக்கு. முன்னெல்லாம் ஆண்டை கூப்பிட்டா போயே ஆகணும். முன்பணம் வாங்கியிருப்பாங்க, சாதிக் கட்டு இருக்கும். அரிசியும் ஏரி வேலையும் வந்த பிறகு "நாளைக்கு முடியாதுங்க"ன்னு சொல்ற தைரியம் வந்திருக்கு. அதை நாம சோம்பேறித்தனம்னு படிக்கிறோம். என் கணக்கில் அது பேரம் பேசும் பலம். நெல்லைக் களத்திலேயே வித்துத் தீர்க்காம, விலை வரும் வரைக்கும் குதிரில் வச்சிருக்க முடிஞ்ச விவசாயிக்கு வர்ற அதே பலம்தான்.

இது பழைய பேச்சு

"கொடுத்தா கெட்டுப் போவாங்க" என்பது நம்ம காலத்துப் பேச்சு இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இதே வாதம் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பின சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலைக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும்னு குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்லை. கூலி நல்லா இருந்தா தேவையில்லாதவங்களும் வந்துடுவாங்கன்னு காரணம். வேலை நடக்கும் இடம் வீட்டை விட்டுத் தூரமா இருக்கணும்னும் வச்சாங்க. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தத் தானியத்தில் உழைக்கிற உடம்பு தாங்காதுன்னு எதிர்த்து எழுதினார். அந்தப் பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்ததாக மதிப்பீடு. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டினதுதான்.

இதோட நூறு நாள் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்க. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் தரணும், தாண்டினா பத்து சதவீதம் கூடுதல் கூலி. கேட்ட பதினைந்து நாளில் வேலை தரலைன்னா வேலையில்லாப் படி. டெம்பிள் வச்ச விதியைத் தலைகீழாப் புரட்டின சட்டம் இது. நடுவில் மகாராஷ்டிரம் 1972 வறட்சியில் வேலை கொடுத்துக் கத்துக்கிட்டு, 1977இல் வேலை உறுதிச் சட்டமே போட்டது.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

நம்ம ஊரைப் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாதுன்னு மூணு ஆராய்ச்சிகளைப் படிச்சேன்.

ஒண்ணு, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மற்ற சிலரும் செய்தது. ஆறு வளரும் நாடுகளில் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த திட்டங்களை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. பணம் வாங்கினவங்க வேலையைக் குறைச்சதுக்கு ஆதாரம் கிடைக்கலை.

இரண்டாவது, மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு நடத்தின சோதனை. சில கிராமங்களில் எல்லாருக்கும் மாசாமாசம் ஒரு சிறு தொகை, முதலில் பெரியவங்களுக்கு 200 ரூபாய், சின்னவங்களுக்கு 100 ரூபாய். அங்கே ஜனங்க கூலி வேலையிலிருந்து தன் நிலத்து வேலைக்கு, சொந்தத் தொழிலுக்கு நகர்ந்தாங்க. விதைக்கும் ஆட்டுக்கும் கையில் கொஞ்சம் காசு இருந்ததால் அப்படி.

மூணாவது, பழைய ஆந்திராவில் நூறு நாள் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியா ஒழுங்காக் கொடுக்க ஆரம்பிச்ச இடங்களைப் பத்தினது. அங்கே ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. கூடினதில் பெரும் பங்கு திட்டத்திலிருந்து வரலை. வெளி வேலைக் கூலி உயர்ந்ததிலிருந்து வந்தது. வெளி வேலை குறையவும் இல்லை.

நமக்கு உறைக்கிற இடம் இதுதான். ஆள் வேலையை விடலை, விலையைக் கூட்டிட்டாங்க. உரமும் டீசலும் விலை ஏறினா "சோம்பேறி"ன்னு யாரையும் திட்ட மாட்டோம். ஆள் கூலி ஏறினா மட்டும் திட்டறோம்.

நாம வாங்குறதையும் எண்ணுவோம்

தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம். அது நாம போராடி, உயிர் கொடுத்து வாங்கின உரிமை. விட்டுக்கொடுக்கச் சொல்லலை. ஆனா அதுக்கும் ஒரு மதிப்பு உண்டு. 5 குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள் ஓடினா ஏறக்குறைய 4,470 யூனிட். யூனிட் 5 ரூபாய்னு குறைச்சுப் போட்டாலும் 22,000 ரூபாய்க்கு மேல். பி.எம். கிசான் 6,000 ரூபாய். ஆக 28,000. ஏரி வேலைக்குப் போற குடும்பம் வாங்குறது 15,000. அதுவும் வெயிலில் நின்னு வாங்குது. எந்தக் கணக்கிலே அவங்க மட்டும் ஓசி வாங்குறவங்க?

2024-25 மத்திய பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி ரூபாய். உர மானியத்துக்கு 1 லட்சத்து 64 ஆயிரம் கோடி. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு விக்குதுன்னா அதுக்குப் பின்னால் இந்தப் பணம்தான் நிக்குது. நாம யூரியா தொடுறதில்லை, அதனால் இந்த மானியத்தில் நமக்குப் பைசா இல்லை. உதவி ஒருத்தரைக் கெடுக்கும் என்கிறதுக்கு உதாரணம் தேடுறவங்க இங்கே தேடலாம். சாணம் அள்றதும், தழை உரத்துக்குச் சணப்பு விதைக்கிறதும், எருக்குழி வெட்டுறதும் இவ்வளவு வேகமா மறைஞ்சதில் மலிவு யூரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எந்த உதவி கெடுக்கும்?

எல்லா உதவியும் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. வங்கியில் கெட்டதையும் பார்த்திருக்கேன்.

1980 முதல் நாடு முழுக்க ஐ.ஆர்.டி.பி.ன்னு ஒரு திட்டம் இருந்தது. ஏழைக் குடும்பத்துக்குக் கறவை மாடு, ஆடு, வண்டி மாடு வாங்கக் கடன். சிறு விவசாயிக்குக் கால் பங்கும் குறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூணில் ஒரு பங்கும் மானியம். எண்ணம் நல்லது. நடந்தது என்ன? லோன் மேளா போட்டு இத்தனை பேர்னு இலக்கு வச்சாங்க. ஒரே மாடு மூணு ஊர் சந்தையில் மூணு பேருக்கு நின்னது. காதில் இன்சூரன்ஸ் வில்லை மட்டும் மாறும். மானியம் தரகருக்கும் மேலே உள்ளவங்களுக்கும் போச்சு, கடன் ஏழை தலையில் நின்னது. 1999இல் அந்தத் திட்டத்தையே வேறொண்ணோடு சேர்த்து மூடினாங்க.

அடுத்தது கடன் தள்ளுபடி. 1990இல் 10,000 ரூபாய் வரை. 2008இல் சிறு, குறு விவசாயிகளின் நிலுவை முழுசும். வறட்சியில் செத்துப் பிழைச்சவங்களுக்கு அது உயிர்த் தண்ணி. ஆனா தாலிக்கொடியை அடகு வச்சுத் தவணை கட்டினவருக்கு அதில் ஒண்ணும் இல்லை. அவர் என் மேசை முன்னால் வந்து நின்னு கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. 2008 தள்ளுபடியைத் தணிக்கைத் துறை 2013இல் ஆய்வு செய்தபோது, சோதிச்ச கணக்குகளில் ஐந்தில் ஒண்ணுக்கு மேல் பிழை. தள்ளுபடி யாரையும் உழவை விட்டு ஓட வைக்கலை. ஆனா ஒழுங்காக் கட்டுறவரை ஏமாளி ஆக்கிச்சு.

இதிலிருந்து மூணு கேள்வி வச்சுக்கிட்டேன். எந்த உதவித் திட்டத்தையும் இதில் போட்டுப் பார்க்கலாம்.

1. நேரா கைக்குப் போகுதா, நடுவில் ஆள் நிக்குறாங்களா?

2. உழைச்சு முன்னேறினா உதவி பறிபோகுமா? வருமான வரம்பு வச்ச உதவியில் இந்த ஆபத்து உண்டு. ஒரு ரூபாய் கூடச் சம்பாதிச்சா ஆயிரம் ரூபாய் போயிடும்னா யாரும் யோசிப்பாங்க. நம்ம ரேஷன் அரிசி அப்படி இல்லை, உழைச்சாலும் குறையாது. அதனால் அது உழைப்புக்குத் தடை இல்லை.

3. உதவி முடிஞ்ச பிறகு பின்னால் ஏதாவது நிக்குதா? குளம், வரப்பு, படிச்ச பிள்ளை?

நூறு நாள் வேலை முதல் இரண்டில் நல்லாவே தேறும். மூணாவதில்தான் பல ஊர்களில் தோல்வி. அதே ஏரிக்கரையை வருஷா வருஷம் சுரண்டுறாங்க. அளந்து கூலி போடுற ஒழுங்கு இல்லை. "உட்கார்ந்துட்டு வர்றாங்க"ன்னு நாம சொல்றதுக்கு இடம் கொடுக்கிறது இதுதான். இதில் குத்தம் வேலைக்கு வந்த அம்மாவிடம் இல்லை, வேலையைத் தேர்ந்தெடுத்த விதத்தில்.

60 நாள் நிறுத்தம் பத்தி

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 100 நாள் 125 நாள் ஆகும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலை கொடுக்கிறதை நிறுத்தி வைக்கலாம். முன்பு உடலுழைப்புக் கூலி முழுக்க மத்திய அரசுடையது. இப்போ செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில்.

60 நாள் நிறுத்தம் விவசாயிகள் கேட்டதுதான், எனக்கும் அதில் நியாயம் தெரியுது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு வரவேற்க முடியாது. டெல்டாவில் குறுவை அறுப்பு ஒரு மாசம், எங்க மானாவாரி மல்லாட்டைக்குக் களை வேற மாசம். சென்னையில் உட்கார்ந்து மாநிலம் முழுக்க ஒரே தேதி குறிச்சா யாருக்கும் பயன் இல்லை. மழை பொய்ச்ச ஊரில் கழனி வேலையும் இல்லை, ஏரி வேலையும் இல்லைன்னா அந்த அறுபது நாள் நிலமில்லாதவங்க என்ன செய்வாங்க? நமக்கு ஆள் மலிவாக் கிடைக்கணும்னு அடுத்தவர் அடுப்பை அணைக்கிறது உழவர் இயக்கத்துக்கு அழகு இல்லை. பஞ்சாயத்து அளவில், அந்தந்த ஊர்ப் பட்டத்தைப் பார்த்து நாள் குறிக்கணும். மழை இல்லாத வருஷம் நிறுத்தமே கூடாது. இதை நாம கோரிக்கையா வைக்கணும்.

நாம செய்யக் கூடியவை

சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் வரப்பு கட்ட, பண்ணைக்குட்டை வெட்ட, மண்புழு உரத் தொட்டி கட்ட நூறு நாள் திட்டத்தில் இடம் இருந்தது. நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? ஊருக்கு என்ன வேலைங்கிற பட்டியல் கிராம சபையில்தான் வைக்கப்படுது. அந்தச் சபைக்கு நாம போறதில்லை. இனி போவோம். வரத்துக்கால்வாய் தூர், பொதுக் குட்டை, மேய்ச்சல் நிலத்தில் தழைமரம்னு எழுத்தில் கொடுப்போம். உழவு நாட்களையும் அங்கேயே பேசி முடிக்கலாம்.

களைக்கு ஆளை மட்டும் நம்பக் கூடாது. வரிசை விதைப்பும் சக்கரக் களைக்கருவியும் வந்தா பதினைந்து ஆள் வேலை ஆறு, ஏழு ஆளில் முடியும். ஊருக்கு நாலு கருவி வாங்கிப் பொதுவில் வச்சுக்கலாம். நெல்லுக்குக் கோனோவீடர். மூடாக்கும் ஊடுபயிரும் களையைப் பாதியாக் குறைக்கும்.

வர்றவங்களுக்குக் கூலியை அன்னிக்கே கொடுங்க. 2025 தொடக்கத்தில் நூறு நாள் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்னது நினைவிருக்கும். மாலையில் கையில் காசு, நடுவில் கூழோ மோரோ, நிழலில் அரை மணி ஓய்வு, மரியாதையா "வாங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை. இது கொடுக்கிற வீட்டுக்கு எங்க ஊரில் ஆள் வர்றாங்க.

கடைசியா விலை. கூலி கட்டுபடி ஆகலைன்னா அதுக்குக் காரணம் கூலிக்காரங்க வாங்குற 300 ரூபாய் இல்லை, நம்ம விளைபொருளுக்குக் கிடைக்காத விலை. மல்லாட்டையை மூட்டையா விக்காம எண்ணெயா ஆட்டி வித்தா, நெல்லை அரிசியாக்கி நேரா வித்தா, அந்தக் கூலியைக் கொடுக்க முடியுது. நம்ம கோபம் கமிஷன் மண்டி பக்கமும் கொள்முதல் விலை பக்கமும் திரும்பணும். அடுத்த கிராம சபை தேதியை இப்போதே குறிச்சு வச்சுக்குங்க. ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்து போனா, பட்டியலில் நம்ம குட்டையும் நம்ம வரப்பும் வரும்.